ஹால் சாவியும் ஜப்பான் வாத்தியாரும்

பொது ஹாலுக்குச் சாவி வைத்திருப்பவனை ஊரே தேடும். ஆனால் அவன் பெயர் என்ன என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர்கள், ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், கல்யாண வீட்டில் மைக் செட் கட்டுபவர்கள் ஆகிய தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவித்தவர்கள்.

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும்.

ஒன்று: பூனாவில், கட்கியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் கேட்டில், வேலைநிறுத்தத்தின்போது, கோஷம் போட்டுக்கொண்டிருந்த என் மண்டையில் ஒரு போலீஸ்காரர் தடியால் அடித்தார். அடிக்கும் முன் யார் எவர் என்று கேட்கவில்லை.

இரண்டு: வேலைநிறுத்தம் முடிந்து கதவு திறந்த அன்று, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். என் பெயரைக் கூப்பிடவில்லை. அந்தக் கம்பெனியின் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. கணக்கு சரி.

மூன்று: எங்கள் தமிழர் சங்கம் ஹால் கட்டியது. துண்டறிக்கை எழுதி, வீடு வீடாக அலைந்து, கடைசியில் அந்தத் திறப்புவிழாக் கல்லையும் தோளில் சுமந்து வந்தவன் நான். மணல் லாரிக்காரர் பெயர் கூட அந்தக் கல்லில் இருக்கிறது.

நான்கு: சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு குரூப் போட்டோ. கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர்கள். எனக்கு இந்தப் பக்கம் நின்றவர் பெயர் இருக்கிறது, அந்தப் பக்கம் நின்றவர் பெயர் இருக்கிறது, நடுவில் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளிதான் நான்.

ஐந்து: இதற்கெல்லாம் ஈடாக ஹால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் 'ஹால் அங்கிள்'.

நிர்வாகத்திடம் நீண்ட கோரிக்கைகள் வைத்துப் போராடியவன் நான். எனக்கென்று இருந்தது ஒரே கோரிக்கைதான். எங்காவது ஒரு இடத்தில், நாலு பேர் முன்னால், என் பெயரை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். இந்த நிலைமையில்தான் ஜப்பான்காரர் வந்து சேர்ந்தார்.

தரை யாருடைய வேலை

விமான் நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் வித்யா என்ற கோயம்புத்தூர்ப் பெண் ஜப்பானிய மொழி படித்தவள். அவளும் சில இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஹாலில் கெண்டோ பழகுவார்கள். தலை, கை, இடுப்பு எல்லாவற்றிலும் கவசம் மாட்டிக்கொண்டு மூங்கில் வாளால் ஒருவரையொருவர் அடிக்கிற ஜப்பானியக் கலை அது. கட்கியிலேயே பிறந்து வளர்ந்த சேகரும் அதில் உண்டு. எனக்கு மைத்துனன் முறை. சொல்லிக்கொடுக்க முறையான ஆள் இல்லாமல் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு மொரிதா என்ற வாத்தியார் கிடைத்தார். சென்செய் என்று கூப்பிட வேண்டுமாம். அவர் மகனுக்குப் பூனாவை ஒட்டிய சாக்கனில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் வேலை. மழை விட்டதும் மகனைப் பார்க்க வருவார், தீபாவளிக்குள் திரும்பிவிடுவார். அந்த இடைப்பட்ட ஞாயிறுகள் எங்கள் ஹாலுக்கு.

முதல் நாள் வந்தவர் ஒரு வாளியும் ஈரத்துணியும் கேட்டார். மண்டியிட்டுத் துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு ஷாபாத் கல் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடினார். பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள். நான் விசிலடித்து நிறுத்தினேன். தரை துடைப்பது என் வேலை. ஒருவன் வேலையை இன்னொருவன் இலவசமாகச் செய்தால் நாளைக்கு முதலாமவன் தேவையில்லை என்றாகிவிடும். எத்தனை கேட் மீட்டிங்கில் இதைப் பேசியிருக்கிறேன்! வித்யா மொழிபெயர்த்தாள். அவர் துணியைப் பிழிந்தபடியே யோசித்துவிட்டு, சுவரோரம் இரண்டடி அகலத்தை எனக்கு ஒதுக்கினார். ஒப்பந்தம் ஏற்பட்டது. சேகர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “மாமா, தரையைத் தொடைக்காதேன்னு போராட்டம் பண்ண ஒரே யூனியன் உலகத்துலயே நீதான்.”

வணக்கம் வந்த திசை

நான் ஜெனரல் மேனேஜர் முன்னாலேயே குனியாதவன். ஆனால் ஹால் வாசலில் என் ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்று ஒரு பெரிய மனிதர் வாரா வாரம் இடுப்பு வரை குனிந்தால் என்ன செய்வீர்கள்? முதல் வாரம் தலையை அசைத்தேன். அடுத்த வாரம் எழுந்து நின்றேன். அதற்கடுத்த வாரம் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்தேன். நானும் லேசாகக் குனிந்தேன் என்பதை இப்போது மறைப்பதற்கில்லை. குனிவதில் இரண்டு வகை உண்டு, இது சமமானவர்கள் குனிவது என்று எனக்கு நானே ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் நான் வர நேரமானது. சாவியைச் சேகரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். நான் தெருமுனையில் வரும்போது சென்செய் காலி ஸ்டூலுக்கு முன்னால் நின்று அதேபோல் ஆழமாகக் குனிந்துவிட்டு உள்ளே போனார். எனக்குச் சந்தேகம் வந்தது. வித்யாவைக் கேட்டேன். அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்துவிட்டது. “அது உங்களுக்கில்லீங்க அங்கிள். பழகற எடத்துக்குக் கும்புடு போடறதுங்க. நீங்க வழியில உக்காந்திருக்கறீங்க, அவ்வளவுதானுங்க.”

வயிற்றிலிருந்து

கெண்டோவில் அடிப்பது மட்டும் போதாது. எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரைக் கத்திக்கொண்டே அடிக்க வேண்டும். தலை என்றால் 'மென்', மணிக்கட்டு என்றால் 'கொத்தே'. சத்தம் இல்லாத அடி அடியே அல்ல. விமான் நகர் இளைஞர்களுக்கு இங்கேதான் முட்டியது. ஏசி அறையில் வளர்ந்த தொண்டைகள். லிஃப்டில் மாடி எண் சொல்வது போல 'மென்' என்றார்கள். சென்செய் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். மீண்டும் லிஃப்டுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டூலைவிட்டு எழுந்தேன். காலை அகட்டி, கையைத் தூக்கி, தொப்புளுக்குக் கீழிருந்து எடுத்து ஒரு 'மென்' விட்டேன். காரணம் தெரிந்துதான் கத்த வேண்டும், இல்லையென்றால் அது வெறும் இருமல் என்று விளக்கினேன். பிறகு நான் எடுத்துக்கொடுக்க அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நான் 'மென்' என்றால் அவர்கள் 'மென்!' நான் 'கொத்தே' என்றால் அவர்கள் 'கொத்தே!' நாலாவது சுற்றில் பழக்கதோஷத்தில் நான் 'ஜிந்தாபாத்' என்றுவிட்டேன். அதையும் மொத்த வகுப்பும் திருப்பிச் சொன்னது. சென்செய் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் காம்ப்ளே, என்னோடு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பனியனோடு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “க்யா ஹுவா பாய்? ஃபிர் ஸே ஹர்தால்?” மறுபடியும் வேலைநிறுத்தமா என்று கேட்கிறார்.

கத்திக்கு விடுமுறை

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. எங்கள் கட்கியில் ஸ்பேனரிலிருந்து சைக்கிள் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பார்கள். மறுநாள் பூஜையைக் கலைக்கும் வரை ஒருவரும் தொடக் கூடாது. கெண்டோக்காரர்களின் மூங்கில் வாள்களும் ஆயுதம்தானே? சேகர் அத்தனையையும் ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்து, செவந்தி மாலையும் போட்டுவிட்டான். தோல் கைப்பிடிகள் உட்பட.

ஞாயிறு காலை வித்யா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். சந்தனம் தோலில் ஊறிவிட்டது. அதோடு அது சென்செய் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய கடைசி வகுப்பு. பூஜையைக் கலைக்கும் அர்ச்சகரோ ஏரவாடாவிலிருந்து மதியத்துக்கு மேல்தான் வருவார். வாளை எடுக்கலாமா கூடாதா என்று வாக்குவாதம். நான் தீர்ப்புச் சொன்னேன்: வருஷம் முழுக்க உழைக்கிற ஆயுதத்துக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு, அதைப் பறிப்பது தொழிலாளர் விரோதம். வித்யா பயந்துகொண்டே சென்செயிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தன் பையைத் திறந்தார். தன்னுடைய சொந்த வாளை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, சேகரைப் பார்த்து, அதற்கும் பொட்டு வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

எனக்கு மகத்தான வெற்றி என்று நினைத்தேன். ஆனால் அவர் வகுப்பை ரத்து செய்யவில்லை. கையில் ஒன்றுமில்லாமல், கால் வைக்கும் முறையை மட்டும், பொரி கடலை விநியோகம் தொடங்கும்வரை அந்தக் கல் தரையில் நடத்தினார். வலது காலை ஓங்கி மிதிக்க வேண்டும், இடது காலால் தள்ள வேண்டும். எல்லோருக்கும் குதிகால் வீங்கிவிட்டது. சேகர் சுண்டல் கிண்ணத்தோடு என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான். “கத்திக்கு லீவு வாங்கிக் குடுத்த மாமா. காலுக்கு எவன் வாங்கிக் குடுப்பான்?”

கதவடைப்பு

மூன்றாம் வருஷம்தான் அந்தச் செய்தி வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது வித்யா சாதாரணமாகச் சொன்னாள், சென்செய் ரிடையராகும் வரை ஜப்பானில் போலீஸில் இருந்தவர் என்றும், போலீஸ்காரர்களுக்குக் கெண்டோ சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்றும். என் மண்டைத் தழும்பு தானாகத் துடித்தது. நான் சாவி போட்டுத் திறந்துவிட்ட ஹாலில், நான் துடைத்த இரண்டடித் தரையில், ஒரு போலீஸ்காரர் தடியால் அடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

அடுத்த ஞாயிறு நான் கதவைத் திறக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். வந்தார்கள். வித்யா கெஞ்சினாள். சென்செய் பூட்டிய கதவுக்கு வழக்கம் போலக் குனிந்து வணக்கம் வைத்தார். பிறகு நடைபாதையிலேயே மண்டியிட்டு, முதுகு நிமிர்த்தி, உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். காம்ப்ளே அவர்களுக்கு மட்டும் டீ சொல்லியனுப்பினார். எனக்கு இல்லை. இந்தக் காட்சியை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சேகர் எட்ட இருந்தபடியே விஷயத்தை உடைத்தான். “மாமா, அன்னைக்கு நீங்கல்லாம் கேட்டுக்கு வெளியே உக்காந்தீங்க, மொதலாளி பூட்டிட்டு இருந்தான். இன்னைக்கு சாவி யார் பாக்கெட்ல கீது, தொட்டுப் பாரு.”

செல்லாத அடி

திறந்தேன். ஆனால் சும்மா திறக்கவில்லை. எல்லோரும் உள்ளே வந்ததும் நடுவில் நின்று, தலையைக் குனிந்து தழும்பைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் பேசியது நீளம், வித்யா மொழிபெயர்த்தது குட்டை. சில சொற்களை அவள் விட்டிருக்க வேண்டும். சென்செய் என் தழும்பைக் கிட்ட வந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது, அடித்தவர் அவரில்லை. தன் வாளை என் கையில் கொடுத்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எதிரில் நின்றார். அடிக்கலாம் என்றார். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: தன் எதிரில் நிற்பவரின் பெயர் என்ன?

சொன்னேன். அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். வித்யா மொழிபெயர்ப்பதை மறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அங்கிள், உங்க பேரு முனுசாமிங்களா!”

அடித்தேன் தோழர்களே. வயிற்றிலிருந்து கத்தி, காலை ஓங்கி மிதித்து, நடு மண்டையில். ஹால் அதிர்ந்தது. ஒரு போலீஸ்காரரை, பட்டப்பகலில், சாட்சிகள் முன்னால், அவர் சம்மதத்தோடு அடித்த தொழிற்சங்கவாதி பூனாவிலேயே நான் ஒருவன்தான். இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு வெற்றி ஊர்வலம் போல ஒரு சுற்றுச் சுற்றினேன். காம்ப்ளே ஜன்னலில் நின்று கைதட்டினார். சென்செய் கவசத்தைக் கழற்றினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஏதோ சொன்னார். அடி மிக நல்ல அடியாம். ஆனால் அடித்தபின் நான் கை தூக்கிக் குதித்துவிட்டேனாம். அடிபட்டவர் முன்னால் அடித்தவர் கொண்டாடினால் கெண்டோவில் அந்த அடி செல்லாதாம். புள்ளி கிடையாது.

இத்தனை வருஷம் காத்திருந்து கொடுத்த ஒரே அடி! அதையும் ரத்து செய்துவிட்டார்கள். இதை ஆறாவது அநீதியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். இல்லையாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேலும் ஏதோ சொன்னார். வித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அடுத்த வருசம் அவரு வர்றப்ப நீங்க மறுபடியும் அடிக்கோணுமாமுங்க. அவரு தலை எங்கயும் போயிடாதுன்னு சொல்றாருங்க.”

கரப்பான்

அந்த வருஷம் முழுக்கக் கை தூக்காமல் இருக்கப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையின் கோடியில் நானும் ஒரு பழைய வாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்தபின் குதிக்கக் கூடாது, பேசக் கூடாது, அடிபட்டவரைப் பார்த்தபடி விழிப்போடு நிற்க வேண்டும். ஒரு நாள் வீட்டுச் சமையலறையில் செருப்பால் ஒரு கரப்பானை அடித்துவிட்டு, அதைப் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றேன். என் மனைவி சரோஜா குழம்புச் சட்டியோடு பின்னால் காத்திருந்து பொறுமை இழந்தாள். “அது செத்து எவ்ளோ நேரம் ஆவுது. அஞ்சலி செலுத்தினது போதும், நகருய்யா.”

பலகை

நாலாம் வருஷம் சென்செய் வந்தார். மறுபடி அடித்தேன். கை தூக்கவே இல்லை. ஆனால் அடி தோளில் விழுந்தது. அதுவும் செல்லாது.

அந்தத் தடவை அவர் ஜப்பானிலிருந்து ஒரு கட்டு சின்ன மரப்பலகைகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் தூரிகையால் ஜப்பான் எழுத்து. அங்கே பழகும் கூடங்களில் உறுப்பினர் பெயர்களை இப்படித்தான் தகுதி வரிசையில் சுவரில் தொங்கவிடுவார்களாம். ஆணி அடிக்கும் வேலை எனக்கு வந்தது. சுத்தியலோடு ஏணியில் நின்றபோது பலகைகள் கீழே மேஜையில் பரப்பிக் கிடந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கோடுகள். என் பெயர் இருக்கிறதா என்று வித்யாவைக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குவது கோரிக்கை, கேட்காமல் வருவது மரியாதை என்று துண்டறிக்கையில் எழுதியவன் நான். கேட்கவில்லை. ஆணிகளை மட்டும் உறுதியாக அடித்தேன்.

சங்கத் தலைவரை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்டு மலரில் என்னைக் காற்புள்ளி ஆக்கியவர் அவர்தான். ஜப்பானியர்களே நம் ஊர்ச் சிலம்பத்தைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பேசிவிட்டு அமர்ந்தார். காம்ப்ளே இந்த முறை சட்டை அணிந்து உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். சரோஜாவும் வந்திருந்தாள். நான் என் ஸ்டூலில், வாசலில்.

சென்செய் ஒவ்வொரு பலகையாக எடுத்து, பெயரை வாசித்து, ஆணியில் மாட்டினார். பெயர் வந்ததும் அந்த ஆள் 'ஹை!' என்று பதில் கொடுக்க வேண்டும். வித்யா முதலில். சேகர் நடுவில். விமான் நகர்ப் பிள்ளைகள் வரிசையாக. மேஜை காலியாகிக்கொண்டே வந்தது. கம்பெனி கேட்டில் அன்று நின்றதும் இப்படித்தான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போக, என்னைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டே வந்தது. நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகினேன், விழா முடிந்ததும் பூட்டுவதற்கு.

மேஜையில் ஒரே ஒரு பலகை மிச்சம் இருந்தது. சென்செய் அதை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். சுவரைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார். சங்கத் தலைவர், காம்ப்ளே, சரோஜா, மொத்த வகுப்பு என அத்தனை சாட்சிகள் முன்னிலையில், வயிற்றிலிருந்து, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் வாசித்தார்: “முனுசாமி!”

தகுதி வரிசையில் நான்தான் கடைசி ஆள், புதிதாக ஒருவர் சேர்ந்தால்தான் ஒரு ஆணி மேலே நகர முடியும் என்பதால், இப்போது ஞாயிறு தோறும் கட்கி பஸ் ஸ்டாப்பில் நின்று கெண்டோவுக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையை நானே எழுதி நானே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.